மூன்று இருபத்தொன்பதுக்குப் பஞ்சர்

கடிகாரம் மூன்று இருபதைத் தாண்டியதும் செவெரோ கலிசாயா கன்னத்தில் அதக்கியிருக்கும் கோக்கா இலையை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் தள்ளிக்கொண்டு ஜீப்பை நிறுத்துகிறார். ஓரம் கட்டுகிறார் என்று சொல்ல முடியாது. அங்கே பாதையே இல்லை, ஓரத்துக்கு எங்கே போவது? வற்றிப்போன ஏரியின் உப்புத் தரை, நாலா பக்கமும் வெள்ளை. இறங்கி இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் உள்ளே மடக்குகிறார். முன்னால் தொங்கும் கண்ணாடியில் தன் தொப்பியை மாட்டுகிறார். பிறகு கிழக்குப் பக்கச் சக்கரத்தருகே குந்தி, காற்று அடைப்பானை ஆணியால் அழுத்துகிறார். புஸ்ஸென்று காற்று இறங்குகிறது.

"போச்சு. பஞ்சர்," என்று உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கிற மாதிரி சொல்கிறார். "இறங்குங்க டாக்டர். நீங்க இந்த ஸ்பானரைப் பிடிங்க. டாக்டரம்மா, நீங்க ஜாக்கியைப் பாத்துக்குங்க. யாரும் தலையைத் தூக்காதீங்க, ஜாக்கி நழுவும். நழுவுனா விரல் போயிரும்."

விரல் என்றால் படித்தவர்கள் பயப்படுவார்கள். எல்லோரும் சக்கரத்தைப் பார்த்தபடி, கிழக்கு வெளிக்கு முதுகு காட்டிக் குந்திவிடுவார்கள். வெளியில் வீசும் காற்று சட்டென்று நிற்கும். பதினொரு நிமிடம். மறுபடி காற்று வீசி, உப்புத்தூள் பிடரியில் விழுந்ததும் செவெரோ எழுந்து கண்ணாடிகளை விரிப்பார். பயணப் பதிவேட்டில் "டயர் மாற்றம், 3.29" என்று எழுதுவார். அவர் எழுத்து பெரிது. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கும்.

ஓரூரோ நகரத்துப் பல்கலைக்கழகத்தில் அவர் ஆராய்ச்சி வண்டி ஓட்டுநர். வயது ஐம்பத்தாறு. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. இருபத்திரண்டு வருடமாக ஏற்றி இறக்கியவர்களைக் கேட்டால் மூச்சு வாங்காமல் சொல்வார்: லாமாவின் உடம்பில் பேன் எண்ணுகிறவர், சுரங்கத்தூசியைச் சீசாவில் பிடிக்கிறவர், திருவிழா பேண்டு வாத்தியக்காரர்களின் நுரையீரலை அளக்கிறவர், பள்ளிப் பிள்ளைகள் கழித்தலில் ஏன் தப்பு விடுகிறார்கள் என்று பார்க்கிறவர், முந்நூறு வருடத்துக்கு முந்தின உருளைக்கிழங்கு வரியைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர். யார் பெயரும் அவருக்குத் தங்காது. வேலையை வைத்துத்தான் ஆளைச் சொல்வார்.

வேலை முடிந்ததும் ஒவ்வொருவரும் ஆய்வேட்டின் ஒரு பிரதியை அவருக்குத் தருவது வழக்கம். வீட்டில் அறுபத்து மூன்று கிடக்கின்றன. கட்டிலின் ஒரு கால் அவற்றின் மேல்தான் நிற்கிறது. அவர் படிப்பது முதலில் வரும் நன்றிப் பக்கத்தை மட்டும். "ஓட்டுநர் செபெரோவுக்கு" என்று ஒருவர், "திரு. செரெவோவுக்கு" என்று இன்னொருவர். "தவளைக்கு எத்தனை விரல்னு தப்பில்லாம எழுதுறாங்க. என் பேர்ல மட்டும் கை நழுவுது," என்பார். கோபம் எல்லாம் கிடையாது.

அவர் வண்டியை நிறுத்தும் அந்த வெளிக்கு ஹச்ச தாக்கி என்று பெயர். பெரும்பாதை என்று பொருள். வேலைக்குச் சேர்ந்த வருடம் தனியாக வந்துகொண்டிருந்தவரை ஒரு லாமா மேய்ப்பன் கையைக் குறுக்கே நீட்டி நிறுத்தினான்.

"இறங்கு. முதுகைத் திருப்பிட்டு நில்லு."

"எதுக்குய்யா?"

"போறாங்க. போகட்டும்."

"யாரு போறா? ஒருத்தரையும் காணோமே?"

"காணலைல்ல? அப்ப நல்லதாப் போச்சு. திரும்பு."

திரும்பி நின்றார். லாமாக்களும் மேற்கே பார்த்து நின்றிருந்தன, ஒன்றுகூட அசை போடவில்லை. அன்றிலிருந்து நிற்கிறார்.

ஆனால் பஞ்சர் யோசனை அப்போது வரவில்லை. அடுத்த வருடம் நிலம் அளக்கும் ஒருவரை ஏற்றிக்கொண்டு வந்தார். திரும்பி நில்லுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தார். அளவைக்காரர் சிரித்துக்கொண்டே கிழக்கே பார்த்தார். "ஒண்ணுமில்லையேப்பா," என்றார். ஒன்றும் ஆகவில்லைதான். ஊர் திரும்பினார், சாப்பிட்டார், தூங்கினார். ஒரு மாதம் கழித்து அவர் மனைவி பல்கலைக்கழக வண்டிக் கொட்டகைக்கு வந்து விசாரித்தாள். தினமும் மூன்றரை ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போவாராம். நாலு அடி, மறுநாள் பத்து அடி, அடுத்த நாள் தெருமுனை. அன்றைக்குப் போனவர் வரவில்லை. பழுப்பு நிறச் செருப்பு, இடது வார் அறுந்து கம்பியால் கட்டியது என்று அவள் அடையாளம் சொல்லிவிட்டுப் போனாள். அதற்கப்புறம்தான் செவெரோ சட்டைப்பையில் ஆணி வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்.

கொட்டகையில் மற்ற ஓட்டுநர்கள் அவருக்கு வைத்த பெயர் டயர் டாக்டர். மத்தியானம் சும்மா இருக்கும்போது தோல் குவளையில் பகடை குலுக்குவார்கள். ரெமிஹியோ என்ற பேருந்து ஓட்டுநருக்கு வாய் சும்மா இருக்காது.

"என்ன மாஸ்டர், மறுபடியும் அதே எடத்துலயா பஞ்சர்? அங்க ஆணி விதைச்சு வெச்சிருக்கியா என்ன?"

"உன் வாயில விதைக்கறேன் வா. குலுக்குடா."

மனிதர்கள் முதுகைத் திருப்பினாலும் கருவிகள் திரும்புமா? தவளை டாக்டர் அந்த வெளியின் ஓரத்துக் கிணற்றில் ஒலிவாங்கி இறக்கி வைத்தார். மத்தியானத்தில் பதினொரு நிமிடம் ஒரு தவளைகூடக் கத்தவில்லை. காற்றழுத்தம் என்று எழுதினார். நடுக்க இன்ஜினியர் நிலநடுக்கம் அளக்கும் பெட்டியைப் புதைத்தார். அதே நேரத்தில் தரை சீராக அதிர்ந்தது, ஒரு நொடிக்கு இரண்டு அதிர்வு. தூரத்து லாரி என்று எழுதினார். பேச்சு டாக்டரம்மா கிழவர்களிடம் சொற்களைச் சேகரித்தார். அந்த வெளியில் நடப்பதற்கென்று அவர்கள் தனியாக ஒரு சொல் வைத்திருந்தார்கள். மற்றதையெல்லாம் 'கண்ணால் பார்த்தேன்' என்று சொன்னவர்கள், அந்தச் சொல் வரும்போது மட்டும் 'கேள்விப்பட்டேன்' என்றே சொன்னார்கள். தரவு போதவில்லை என்று எழுதினார். பழைய தேவாலயப் பதிவேடு படிக்கிற வாத்தியார், ஒரே மத்தியானத்தில் பதினேழு பேருக்கு உடல் இல்லாமல் சாவு பதிவானதைக் கண்டார். காரணம் என்ற இடத்தில் "நடந்தார்" என்று பதினேழு முறை. எழுத்தர் சோம்பேறி என்று எழுதினார்.

நாலு பேரும் வண்டியில் வரும்போது அவரவர் சங்கதியைச் செவெரோவிடம் சொன்னவர்கள்தான். ஒருவர் சொன்னதை அவர் இன்னொருவரிடம் சொன்னதில்லை.

"தவளை டாக்டருக்கும் நடுக்க இன்ஜினியருக்கும் ஒரே மாடிப்படி. பதினாலு வருஷமா ஒருத்தருக்கொருத்தர் வணக்கம் சொன்னதில்ல. சொல்லவே வேண்டாம், மகராசனா இருக்கட்டும்," என்பார்.

அவருக்கு ஒரே மகள், யோவானா. பல்கலைக்கழக ஆய்வு அலுவலகத்தில் வேலை. ஆண்டுவிழாவுக்காக எல்லாத் துறை ஆராய்ச்சிகளையும் சுருக்கி ஒரே தொகுதியாகப் போடும் பொறுப்பு இந்த வருடம் அவள் தலையில் விழுந்தது. நானூற்றுப் பதினாறு சுருக்கங்கள். எல்லாவற்றையும் தலைமுதல் கால்வரை படித்த ஒரே ஆள் அவள்தான். ஒரு மத்தியானம் நாலு காகிதங்களோடு கொட்டகைக்கு இறங்கி வந்தாள். அவற்றோடு பழைய பயணப் பதிவேடுகளும் இருந்தன.

"அப்பா, இந்த நாலு பேரும் ஒரே எடத்தைப் பத்தி எழுதியிருக்காங்க. ஒரே நேரம். அவங்களுக்கே தெரியல."

"அப்படியா?"

"அஞ்சாவதா ஒருத்தர் இருக்கார். நாப்பத்தொரு தடவை டயர் மாத்தியிருக்கார். எல்லாமே மூணு இருபத்தொம்பது. இவங்க நாலு பேரைவிடவும் ஒழுங்கா குறிப்பு எழுதியிருக்கார்." அவள் பதிவேட்டை அவர் மடியில் வைத்தாள். "நீங்கதாம்ப்பா அஞ்சாவது ஆராய்ச்சியாளர்."

செவெரோ தன் பெரிய எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தில் அவர் பெயர் சரியாக எழுதியிருந்தது.

"என்னைக் கூட்டிட்டுப் போங்க."

"மாட்டேன்."

"சரி, ரெமிஹியோ மாமாவைக் கேக்கறேன்."

ரெமிஹியோவிடம் ஆணி கிடையாது. கெஞ்சினால் இவள் கேட்கிற ஆளும் இல்லை. வெள்ளிக்கிழமை செவெரோவே வண்டியை எடுத்தார். கிளம்பும் முன் நாலு சக்கரத்துக்கும் சாராயம் தெளித்து, மிச்சத்தைப் பூமித்தாய்க்கென்று தரையில் ஊற்றினார். எப்போதும் சில சொட்டுதான் விடுவார். அன்றைக்குச் சீசாவையே கவிழ்த்தார்.

வழியில் அளவைக்காரர் கதையை முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னார், கம்பி கட்டிய வார் வரைக்கும். யோவானா அதையும் குறித்துக்கொண்டாள்.

மூன்று இருபத்தேழுக்குக் கண்ணாடியை மடக்கினார், தொப்பியை மாட்டினார், ஆணியை எடுத்தார். "இறங்கு கண்ணு. ஸ்பானரைப் பிடி."

"டயர்ல ஒண்ணுமில்லப்பா. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா என்ன? பிடி."

"பதினோரு நிமிஷம் பாத்துட்டு வந்துடறேன். யாராவது ஒருத்தர் பாத்தாத்தானே எழுத முடியும்?"

காற்று நின்றது. ஸ்பானரை வாங்கிக் குந்தியிருந்தவள் அதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கிழக்கே திரும்பத் தொடங்கினாள். செவெரோ அந்த வயதில் அப்படித் தாவுவார் என்று அவரே நினைத்திருக்கமாட்டார். பின்னாலிருந்து மகளை இறுக்கிப் பிடித்து, டீசல் நாறும் இரண்டு உள்ளங்கைகளாலும் அவள் கண்களைப் பொத்தினார். அவள் திமிறினாள், விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள், பிறகு அடங்கிவிட்டாள். அவள் காலடியில் தரை மெல்ல, சீராக அதிர்ந்துகொண்டிருந்தது. ஒரு நொடிக்கு இரண்டு. அது லாரி இல்லை என்பது செருப்புக்குள் இருந்த பாதத்துக்குத் தெரிந்தது.

"அப்பா," என்றாள் கிசுகிசுப்பாக. "உங்க கண்ணை மூடிக்கிட்டீங்களா?"

கை இரண்டும் அவள் கண்மேல். இமை அவருடையதுதானே, மூடியிருக்கலாம்.

உப்புத்தூள் பறந்து வந்து விழுந்ததும் கையை எடுத்தார். கண்ணாடிகளை விரிக்கவில்லை. மடக்கியபடியே எண்பது கிலோமீட்டர் ஓட்டினார். ஊர் விளக்கு தெரியும்போதுதான் பேசினார்.

"அளவைக்காரரு இன்னும் அதே செருப்புதான் போட்டிருக்காரு. கம்பி கட்டினது."

யோவானா அழுதாள். அவர் சாலையைப் பார்த்தபடி, சந்தையில் கண்டதைச் சொல்கிற மாதிரி மேலும் சொன்னார்: "நெருக்கமாத்தான் நடக்கறாங்க. அவர் பக்கத்துல மட்டும் ஒரு ஆள் அளவுக்கு எடம் விட்டிருக்காங்க."

ரெமிஹியோவிடம் பிற்பாடு ஒரு நாள், பகடை குலுக்கும்போது, கேட்காமலே சொன்னார். "இருபத்திரண்டு வருஷமா எல்லாரையும் ஏத்திட்டுப் போயி எறக்கியிருக்கேன், நான் ஒண்ணையும் பாத்ததில்ல. கண்ணை மூடியிருக்கலாம்தான். மூடல." ரெமிஹியோ அன்றைக்குக் கிண்டல் பண்ணவில்லை.

தொகுதி அச்சாகி வந்துவிட்டது. கனமான புத்தகம், நீல அட்டை. தவளை நாற்பதாம் பக்கத்தில், நடுக்கம் நூற்றெழுபதில், சொல் முந்நூற்றுச் சொச்சத்தில், சாவுப் பதிவேடு கடைசியில். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. அப்படி இருக்கும்படி யோவானா பார்த்துக்கொண்டாள். பயணப் பதிவேடுகள் அவள் மேசை இழுப்பறையில் பூட்டிக் கிடக்கின்றன.

செவெரோ இப்போது தொலைதூர வண்டி எடுப்பதில்லை. கொட்டகையில் சாமான் பார்த்துக்கொள்கிறார், நன்றாகச் சாப்பிடுகிறார், தோற்றால் பகடையைத் திட்டுகிறார். மூன்று இருபதுக்கு யோவானா மாடியிலிருந்து இறங்கி வருகிறாள். அவர் குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, குனிந்து பூட்ஸைக் கழற்றுகிறார். இரண்டு கயிற்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டு மகள் கையில் கொடுக்கிறார். பெஞ்சில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்கிறார். அவள் பூட்ஸை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலை மறைத்து நிற்கிறாள். அவர் முதுகு அசையாமல்தான் இருக்கிறது. கம்பளிக் காலுறைக்குள் கால்விரல்கள் மட்டும், ஒரு நொடிக்கு இரண்டு முறை, சிமெண்டுத் தரையில் நடந்துகொண்டிருக்கின்றன.