நகத்தை அழுத்திப் பார்த்தவர்

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். நரைத்த மீசை, கரும்பு வெட்டிக் காய்ப்பேறிய கைகள். முன் இருக்கையில் தாயின் தோளில் கிடந்த குழந்தையின் விரல் நகத்தை மெல்ல அழுத்திவிட்டு, வெளுத்த இடம் மறுபடி சிவக்கிறதா என்று பார்த்தார். சிவந்தது.

"ரத்தம் நல்லா இருக்கும்மா," என்றார். பிறகு என்னிடம், "எம் மவளுக்குப் பாத்துப் பாத்துப் பழகிப்போச்சுங்க."

பிறந்ததிலிருந்தே மாதாமாதம் ரத்தம் ஏற்றவேண்டிய நோய். எலும்பு மஜ்ஜை மாற்றலாமென்றால் யாருடையதும் பொருந்தவில்லையாம்.

நான் வேலை செய்யும் லேபில், ஸ்டெம் செல்லிலிருந்து ரத்தத்தை உண்டாக்கும் செல்களை வளர்க்கப் பார்க்கிறோம் என்று உற்சாகமாகச் சொன்னேன். பொருத்தம் தேடி அலையவே வேண்டியிருக்காது என்றேன். அவர் முகம் இறுகிவிட்டது.

"ஆஸ்பத்திரியில போட ஆரம்பிச்சுட்டாங்களா?"

"இன்னும் இல்லீங்க. எலிக்குத்தான் போட்டுப் பாக்குறாங்க."

"வெளிநாட்டுலயும் இல்லீங்களா?"

"எங்கயும் இல்லீங்க. நாளாகும்."

நீளமாக மூச்சு விட்டார்.

"பாப்பா போன மாசம் தவறிடுச்சுங்க. எங்கயாச்சும் வைத்தியம் இருந்து, நமக்குத்தான் தெரியாமப்போச்சோன்னு அவ அம்மா தெனமும் அழுவுறா. இன்னிக்குப் போயி இல்லேன்னு சொல்லிடுறேன்."

பேரளியில் இறங்கி, என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

செல்கள் நன்றாக வளர்ந்த நாளில் லேபில் எல்லோரும் கைதட்டுகிறோம். என்றாவது ஒருநாள் அது ஆஸ்பத்திரிக்கு வந்துவிடும்; டிவியில் சொல்வார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் டிவி ஓடக்கூடாதே என்று இருக்கிறது எனக்கு.