டிவிக்காரன் முடி

எங்கள் கடையில் விக் கட்டும் அக்காவுக்கு அந்த டிவிக்காரனைக் கண்டாலே ஆகாது. ஆலையில் வேலைநிறுத்தம் செய்த அவள் புருஷனையும் கூட்டாளிகளையும் அவன் "சோம்பேறிக் கூட்டம்" என்று சொன்ன நாளிலிருந்து அப்படி. சாயங்காலம் கடை டிவியில் அவன் ஊர் நடப்பை அலசிப் பேசப் பேச, இவளும் ஊசியும் கையுமாக அவனுக்குப் பதில் கொடுப்பாள்.

அவனுக்குப் புற்றுநோய் என்று செய்தி வந்ததும் ஊரே இரண்டுபட்டது. பாதிப் பேர் அழுதார்கள். எங்கள் முதலாளியோ, "வாய்க்கொழுப்புக்குக் கெடச்ச கூலி" என்று சிரித்தார்.

"நோயில என்னங்க சிரிப்பு? வாய மூடுங்க!" என்றாள் அக்கா, முதலாளி என்றும் பாராமல்.

இரண்டு மாதம் கழித்து அவன் மனைவியே கடைக்கு வந்தார். சிகிச்சையில் அவனுக்கு முடியெல்லாம் கொட்டிவிட்டதாம், பழையபடியே ஒரு விக் வேண்டுமாம். அவர் நீட்டிய போட்டோவை அக்கா வாங்கவே இல்லை. அத்தனை வருஷம் முறைத்துப் பார்த்த தலை, மறக்குமா? கோபம் வந்தால் இடது நெற்றியில் சரிந்து விழுமே ஒரு நரைக் கற்றை, அதற்குக்கூட முடி தேடித் தேடி ஒவ்வொன்றாகக் கோத்தாள்.

வாங்கிப்போக வந்த அந்தம்மா விக்கைத் தொட்டதும் அழுதுவிட்டார். "அப்படியே இருக்கே! நீங்க அவரோட ரசிகையா?"

"அதெல்லாம் இல்லம்மா. அவரத் திட்டலன்னா எனக்குப் பொழுதே போகாது," என்றாள் அக்கா, அந்தக் கற்றையை மெல்லச் சீவிவிட்டபடி. "சீக்கிரம் எழுந்து வரச் சொல்லுங்க. திட்ட வேண்டியது இன்னும் நிறைய பாக்கி இருக்கு."