ரெஜினா அக்கா உடைத்த சன்னல்

செய்தியைக் கொண்டுவந்தவர் ரெஜினா அக்காவின் தம்பி சூசை. திகாம் பத்துவில் நான் குடியிருக்கும் வீட்டு வாசலில் மோட்டாரை நிறுத்தியவர், தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் நின்றார். "அக்கா போயிட்டாங்க, தங்கச்சி. விடிகாலையில, ஆஸ்பத்திரியில" என்றார். உள்ளே வரச் சொன்னேன். "இன்னும் நாலு வீட்டுக்குச் சொல்லணும்லா" என்று கிளம்பிவிட்டார். அடுப்பில் சோறு தீய்ந்த வாடை வந்த பிறகுதான் நான் வாசலிலேயே நிற்பது எனக்குத் தெரிந்தது.

அக்காவை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கோலா கெத்தில் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தவர் அவர். எழுபதுகளின் நடுவில், பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு முப்பது வயதிருக்கும். மணம் செய்துகொள்ளவில்லை. காரணம் கேட்டவர்களிடம், "வந்தவனுக்கெல்லாம் ஸ்பெல்லிங் சரியில்ல" என்பார். முகத்துக்குப் பவுடர் கொஞ்சம் அதிகம். கோபமும் அதிகம். அவருடைய தட்டச்சு இயந்திரத்தை யாராவது தொட்டுவிட்டால் அன்று முழுவதும் அவர்களிடம் பேசமாட்டார்.

மேசைக்கு அடியில் நாவலை வைத்து நான் படித்துக்கொண்டிருந்ததை முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டார். வேலை போச்சு என்று நினைத்தேன். "ஒளிச்சுப் படிக்கிற அளவுக்கு அதுல என்னடி இருக்கு? முடிச்சுட்டு எனக்குத் தா" என்றார். எங்கள் சிநேகிதம் அப்படித் தொடங்கியது.

ஊர் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுச்சென்ற தடித்த ஆங்கில அகராதி அலுவலக அலமாரியில் இருந்தது. தேநீர் வேளையில் அதைத் திறந்து வார்த்தைகளின் பூர்வீகம் பார்ப்பது எங்கள் இருவருக்கும் பொழுதுபோக்கு. கூலிம் பக்கம் ஒரு நகைக்கடை கொள்ளைபோன செய்தியை ஆங்கிலப் பத்திரிகையில் படித்தபோது 'பர்கிள்' என்ற வினைச்சொல் வந்தது. திருடும் எண்ணத்தோடு கட்டடத்துக்குள் அத்துமீறிப் புகுவது என்று அகராதியில் பொருள் போட்டிருந்தது. அக்கா பூர்வீகத்தைப் படித்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார்.

"இங்க பாருடி. பர்கிளர்ங்கிற ஆளு பல நூறு வருஷத்துக்கு முன்னாலயே பொறந்துட்டான். அவன் செய்யிற பர்கிள், போன நூற்றாண்டுலதான் பொறந்திருக்கு. அதுவும் வேடிக்கைக்கு. ஆளோட பேருல இருந்து வாலை நறுக்கி எடுத்திருக்காங்க."

"அதுவரைக்கும் அந்தக் கள்ளன் என்னக்கா செஞ்சிக்கிட்டு இருந்தான்?"

"சும்மா இருந்திருப்பான்லா. பேரு மட்டும் கெட்டிருக்கும்."

அதற்குப் பிறகு வந்த மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பட்டணத்தில் பூசை முடிந்து அக்கா தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். அங்கே, பால்வெட்டும் பாக்கியம் மூச்சிழுப்பு வந்து, உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். தோட்டத்து மருந்தகத்தைக் கவனிக்கும் டிரெசர் சாவியோடு சுங்கை பட்டாணிக்குப் போயிருந்தார். சாவியை வேறு யாரிடமும் கொடுக்கக்கூடாது என்பது மேனேஜர் உத்தரவு. கார் கிடைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை பாக்கியம் தாங்குவார் என்று யாருக்கும் நம்பிக்கை இல்லை. பூசைக்கு உடுத்திய பட்டுச் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அக்கா மருந்தகத்துச் சன்னலை உடைத்து உள்ளே இறங்கினார். மாதாமாதம் மருந்துப் பட்டியலைத் தட்டச்சு செய்பவர் என்பதால் பாக்கியம் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை எது என்று அவருக்குத் தெரியும். ஒரு குப்பியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினார். கார் வந்து சேர்ந்தபோது பாக்கியத்துக்குப் பேச்சு வந்திருந்தது.

மறுநாள் காலை மேனேஜரிடம் சொல்லிவிடத்தான் அக்கா சீக்கிரமாகவே வந்திருந்தார். வலது கையில் துணி சுற்றியிருந்தது. அவருக்கு முன்பே வெளிவேலைகளை மேற்பார்க்கிற கண்டக்டர் உடைந்த சன்னலைப் பார்த்துவிட்டார். முந்தின நாள் காவல், காவல்காரர் வேலு அண்ணனுடையது. எப்போதோ தோட்டத்து விறகை எடுத்துப்போனார் என்று பேர் வாங்கியவர் அவர். கண்டக்டருக்கு அது போதுமானதாக இருந்தது; வேறு யாரையும் விசாரிக்காமல் மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டார். மேனேஜர் உள்ளே வந்ததுமே, அக்கா வாய் திறப்பதற்குள், "போலீசுக்கு ஒரு ரிப்போர்ட்" என்று அக்கா தட்டச்சு செய்வதற்காக நின்றபடியே சொல்ல ஆரம்பித்தார். காவல்காரர் வேலு நேற்று மருந்தகத்தைப் பர்கிள் செய்தார் என்று ஆங்கிலத்தில் முதல் வரி. வாசலுக்கு வெளியே வேலு அண்ணன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வேலை போனால் லயத்து வீடும் போகும். வீட்டில் மூன்று பெண்கள்.

தட்டச்சுச் சத்தம் நின்றது.

"என்ன, ரிப்பன் தீர்ந்துபோச்சா?" மேனேஜர் மலையாளி. கோபம் வந்தால் தமிழுக்கு மாறிவிடுவார்.

"இல்ல சார். வார்த்தை தப்பு."

"ஒன் டிக்‌ஷனரி வேலைய அப்புறமா வச்சுக்க. டைப் பண்ணு."

"திருடணும்னு நெனச்சுப் புகுந்தாத்தான் சார் இந்த வார்த்தை. அதுவும், ஆளைக் கள்ளன்னு சொன்னதுக்கு அப்புறமா அவன்கிட்ட இருந்து உருவின வார்த்தை. நீங்களும் வேலு அண்ணனைக் கள்ளனாக்கிட்டுத்தான் களவைத் தேடுறீங்க. உடைச்சது அவரில்ல. என் பேரைப் போடுங்க."

மேனேஜர் சிரித்தார். அக்கா துணியை அவிழ்த்துக் கையைக் காட்டினார். கண்ணாடி கிழித்த காயம் உள்ளங்கை நெடுக ஓடியிருந்தது.

"மாத்திரைய எடுத்தல்ல? அது திருட்டு இல்லாம என்ன?"

"பாக்கியத்துக்கு நீங்க குடுக்கிற மாத்திரைதான் சார். ஞாயித்துக்கெழமையும் அது மூச்சு விடணும்."

போலீசுக்கான தாளை மேனேஜரே இயந்திரத்திலிருந்து உருவிக் கசக்கினார். "ஒனக்கு வார்னிங் லெட்டர் உண்டு" என்றார். "அதையும் நான்தானே சார் டைப் பண்ணணும்?" என்று அக்கா கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவிழ்த்த துணியை ஒற்றைக் கையால் சுற்ற அக்கா திண்டாடுவதைப் பார்த்ததும் எழுந்துபோய் முடிச்சுப் போட்டுவிட்டேன். கண்டக்டர் வெளியே போனார். வேலு அண்ணன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு மதியக் காவலுக்குப் போனார்.

மேனேஜர் அதை மறக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்துப் தலைமை எழுத்தரான பெரிய கிராணியின் வேலை காலியானபோது, அக்காவுக்குப் பின்னால் சேர்ந்த ஒருவரை அதில் உட்கார வைத்தார். நான் அழுதேன். "அந்த நாற்காலில மூட்டைப்பூச்சிடி" என்றார் அக்கா. அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோதும், பக்கத்துக் கட்டிலில் இருந்த மலாய்க்கார அம்மாவிடம் ஏதோ ஒரு மலாய்ச் சொல்லுக்கு 'அப்பன் யார்' என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நேற்று மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. பாக்கியம் வந்திருந்தார். மகள்களோடு வேலு அண்ணன் வந்திருந்தார். குழியை மூடி மரச் சிலுவையை நட்டதும், சூசை அதில் வெள்ளைப் பெயின்டால் பெயரை எழுதினார். கூட்டம் கலைந்தது. வேலு அண்ணன் மட்டும் சிலுவைக்கு முன்னால் குந்தியிருந்தார். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர்.

"இதுல என்னம்மா போட்டிருக்கு?"

"அக்கா பேருண்ணே."

"எது எதுன்னு சொல்லு."

அருகே குந்தி, ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுச் சொன்னேன். நான் தொட்ட இடத்தில் அவரும் விரல் வைத்து வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பெயின்ட் காயவில்லை. இருவர் விரலிலும் வெள்ளை ஒட்டிக்கொண்டது. மகள்கள் கூப்பிட்டார்கள். "இருங்கடி, இன்னொருவாட்டி" என்று முதல் எழுத்துக்குத் திரும்பினார்.

நிம்மதியாக உறங்குங்கள், அக்கா. உங்களைப் படித்துக்கொண்டிருக்கிறோம்.