அம்மா வந்திருக்கா

உலகமெல்லாம் ஃப்ளூ காய்ச்சல் பரவிய ஐம்பத்தேழில் நான் கொழும்பில் மளிகைக் கடை வைத்திருந்தேன். பேரனைப் பார்க்கக் கோவில்பட்டியிலிருந்து கிளம்பிய அம்மாவை, கப்பலேறுமுன் நோய் இருக்கிறதா என்று பார்க்கும் மண்டபம் முகாமில் நிறுத்திவைத்துவிட்டார்கள். விடுவதற்கு இன்னும் பத்து நாளாவது ஆகும் என்று கடிதம் வந்திருந்தது.

மறுநாள் மதியம் வீட்டிலிருந்த தம்பி கடைக்கு டெலிபோன் செய்தான்.

"அண்ணே, வீட்டுக்கு அம்மா வந்திருக்கா."

அதோடு லைன் அறுந்துவிட்டது. பாழாய்ப்போன டெலிபோன்!

எங்கள் கரிசல் பக்கம் அம்மை கண்டால் அப்படித்தான் சொல்வோம். நோய் என்று சொன்னால் மாரியம்மாளுக்கு ஆகாது. குழந்தைக்குத்தான் என்று நானே முடிவுகட்டி, வழியில் ஒரு கொத்து வேப்பிலையை ஒடித்துக்கொண்டு ஓடினேன்.

வீட்டில் என்னைப் பெற்றவள் பேரனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகாமில் முன்னதாகவே விட்டுவிட்டார்களாம்.

"ஏலே, வேப்பிலை யாருக்கு?"

விஷயத்தைச் சொல்லி அசடு வழிந்துகொண்டே கொத்தை வெளியே எறியப் போனேன்.

"எறியாதலே, வாசல் நெலையில கட்டு. அவளுக்குன்னு ஒடிச்சுட்டு, என்னையக் கண்டதும் தூக்கிப் போட்டா அவ என்ன நெனைப்பா?"