மோட்டார் கொட்டகை வாசலில் குடங்கள்

நாங்கள் இருப்பது வியாசர்பாடியில். ஆனால் அம்மாவுக்கு அவள் பிறந்த ஊரில், பொன்னேரிக்கு அந்தப் பக்கம், அரை ஏக்கர் பட்டா நிலம் உண்டு. நிலமில்லாதவர்களுக்கு அரசு பிரித்துக் கொடுத்தது. கொடுத்தவர்கள் தண்ணீரை மறந்துவிட்டார்கள். பட்டாவை நட்டால் பயிர் முளைக்குமா? எல்லார் நிலமும் தரிசாகக் கிடந்தது. பக்கத்துப் பெரிய நிலக்காரர், இந்த ஜனங்களுக்கு விவசாயம் வராது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தப் பேச்சை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு அரசே பட்டாக்காரர்களுக்குப் பொதுவாக ஒரு போர்வெல் போட்டு மோட்டாரும் வைத்தது. உடனே, யார் முதலில் பாய்ச்சுவது என்று சண்டை. லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்தே பழகிய அம்மா, வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குடத்தை ரயிலில் எடுத்துப் போய் மோட்டார் கொட்டகை வாசலில் வைத்தாள். சிரித்தவர்களும் மறுநாள் குடத்தோடு வந்தார்கள். முதலில் இருக்கும் குடத்துக்காரர் வயலுக்குத் தண்ணீர் போகும். பாய்ச்சி முடிந்ததும் அவர் குடம் கடைசிக்குப் போகும். சண்டை ஓய்ந்தது. தரிசில் கீரை வந்தது.

ஒரு கோடையில் பெரிய நிலக்காரரின் கிணறு வற்றிப்போனது. கொட்டகைக்கு வந்து, "முதல்ல என் வயலுக்குத் திருப்பி விடுங்க" என்றார்.

அம்மா கீரை பிடுங்குவதை நிறுத்தவில்லை. "தாராளமா எட்த்துக்க நைனா. வூட்லேர்ந்து ஒரு குடம் எட்த்துகினு வந்து கடைசில வையி."

மறுநாள் பிளாஸ்டிக் குடங்களுக்கெல்லாம் பின்னால் ஒரு பித்தளைக் குடம் இருந்தது.