பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ்

கனடாவில் என் மகள் வீட்டருகே உள்ள பஸ் நிறுத்தத்தில் ஒரு நாள் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள்: 'இந்த பஸ்ஸை நிறுத்தலாமா என்று யோசிக்கிறோம். உங்கள் கருத்து என்ன?' அரசாங்கம் யோசிப்பதை வெளியே சொல்லுமா? தஞ்சாவூர்ப் பக்கம் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நாங்கள் முதலில் முடிவெடுப்போம், பிறகு கருத்துக் கேட்போம், குழப்பம் வராது. ஆனால் எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. மணிக்கொன்றாக வரும் அந்த பஸ்தான் நூலகத்துக்கும் கடைக்கும், மகளிடம் கெஞ்சாத மாலைகளுக்கும் வழி. அவர்கள் வைத்த கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போனேன்.

முறை தெரிந்தவன் என்ற தெம்பு இருந்தது. ஊர்க் கணக்கைச் சரிபார்த்து மனு வாங்கும் ஜமாபந்தியில், அறுவடை மெஷின் வாய்க்காலைத் தாண்ட ஒரு குழாய் பதித்தால் போதும் என்றிருப்பவர் லாரி போகும் பாலம் கேட்பார். "குழாய் கேட்டா ஒண்ணும் வராதுங்க சார். பாலம் கேட்டாத்தான் குழாயாவது வரும்" என்பார் ஆரோக்கியசாமி என்ற விவசாயி. "அப்ப ரயிலே கேளுய்யா, பாலம் வந்துடும்" என்பேன். "அதையும் சேத்துக்குங்க சார்" என்பார். நான் பாதியை வெட்டுவேன். மேலிடம் மீதியில் பாதியை வெட்டும். எஞ்சுவது குழாய். எங்கள் பக்கம் கொள்கை வகுப்பது இப்படித்தான், ஒருவரும் ஏமாறுவதில்லை.

ஆகவே கூட்டத்தில், "பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் வேண்டும். இப்போதைய பஸ் எதற்கும் உதவாது" என்று அடித்துப் பேசினேன்.

எமிலி என்ற இளம் அதிகாரி கவலையோடு கேட்டார்: "எதற்குமேவா?"

"எதற்குமே!"

வெட்டுவதற்குத் தாராளமாக இடம் விட்டிருந்தேன். அவரோ நம்பிவிட்டார். அடுத்த வாரம் பரிந்துரை வெளியானது: இந்த பஸ் பயணிகளுக்கு உதவவில்லை, நிறுத்திவிடலாம்.

"அப்பா, இருந்த பஸ்ஸையும் நீங்களே பேசித் தொலைச்சிட்டீங்களே!" என்றாள் மகள். "இனிமே எனக்கு லீவு இருந்தாத்தான் உங்களுக்கு லைப்ரரி."

முடிவெடுக்கும் நாளில் நகர கவுன்சில் உறுப்பினர்கள் முன் மறுபடி போய் நின்றேன். பத்து நிமிடம் வேண்டாம், இந்த பஸ் எனக்கு வேண்டும், மணிக்கொன்று போதும். தேவையானதை மட்டும் கேட்பது உடுப்பில்லாமல் நிற்பதுபோல் கூச்சமாக இருந்தது.

"வேறு ஏதாவது?" என்றார் எமிலி. நிழற்குடை ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"நன்றி, உட்காருங்கள்" என்றார்கள். கேட்பவன் உட்காருவது எங்கள் அலுவலகத்தில் வழக்கமில்லை. நிற்பது இங்கே வழக்கமில்லை. நாற்காலி விளிம்பில் பாதி உட்கார்ந்தேன். கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. பஸ் பிழைத்தது. எழுந்து கும்பிடுவதா, உட்கார்ந்தபடி தலையசைப்பதா என்று தெரியாமல், அடுத்த தீர்மானத்துக்கு அவர்கள் போன பிறகும் அப்படியே இருந்தேன்.