மஞ்சள் துணி கட்டிய மூட்டை

மகுடேஸ்வரன் என்ற பெயரை நான் முதலில் கேட்டது கணியூரில், என் சின்ன நாத்தனார் வேலாத்தாள் வீட்டில். அவள் மகள் சித்ரகலாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. ஜாதகம் கொண்டுவந்த பெரியவர், "பையன் தங்கமுங்க. அவிநாசில பனியன் கம்பெனில மிஷின் பாக்குற பிட்டரு. குடி இல்லீங்க, பீடி இல்லீங்க. ஒண்ணே ஒண்ணு, பழைய இரும்பக் கண்டா மட்டும் உடமாட்டானுங்க" என்றார்.

"அதென்ன சீக்குங்க அது?" என்றாள் வேலாத்தாள்.

விசாரித்ததில், மாப்பிள்ளையின் அப்பாயி என் அம்மாயி பிறந்த ஊர்க்காரி என்று தெரிந்தது. அந்த வகையில் எனக்கும் ஒட்டுறவுதான். சித்ரகலாவைக் கொடுத்தோம். நித்யஸ்ரீ என்று ஒரு பெண் பிறந்தாள்.

கல்யாணத்துக்குப் பிறகு அந்தச் சீக்கை நேரிலேயே பார்த்தோம். துணி பின்னுகிற மிஷினில் கழித்துப்போட்ட ஊசி, வளையம், பைப்பு எல்லாம் அவர் கைக்கு வந்தால் வேறொன்றாகிவிடும். சோற்று நேரத்தில் ஷெட்டுக்குள் உட்கார்ந்து எதையாவது முடுக்கிக்கொண்டிருப்பார். ஒரு மாரியம்மன் நோம்பிக்குத் தானே சுற்றுகிற விளக்குச் சக்கரம் செய்து கொடுத்தார். முதலாளி செங்கோட்டையனுக்கு இது பிடிக்காது. "கம்பெனில பனியன் மட்டுந்தான் செய்யோணும். இன்னொருக்கா பாத்தன்னா சீட்டக் கிழிச்சிருவேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். குடியிருந்ததும் கம்பெனி வீடு. வேலை போனால் வீடும் போகும்.

அப்படியிருக்க, தரணீதரன் என்று ஒரு பையன் அவரைத் தேடி வந்தான். சாயப்பட்டறைக் குடும்பம், சினிமா படித்தவன். அப்பன், ஆத்தா, இரண்டு குழந்தைகள் என்று ஒரு பனியன் கம்பெனிக் குடும்பம் வேற்றுக் கிரகத்துக்குப் போய்ச் சேருகிற கதையை எடுத்துக்கொண்டிருந்தான். ஆத்தாக்காரி கையில் ஒரு துப்பாக்கி வேண்டும்.

"குழந்தைங்க பாத்தா வாயப் பொளக்கோணும் மாமா. பொம்மைன்னு தெரிஞ்சா படமே போச்சு" என்றானாம்.

செய்துவிட்டார். கனத்த பைப்பு, வாயைச் சுற்றி வட்டமாக மிஷின் ஊசிகள், வேப்பமரப் பிடி, முழுக்கக் கறுப்புப் பெயிண்டு. வெளியே ஒயர் தெரியும். சுவிட்சைத் தட்டினால் நடுவில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரியும். செய்ததெல்லாம் கம்பெனி ஷெட்டில், முதலாளி கண்ணில் படாமல்.

கொடுத்தனுப்புகிற அன்று காலையில் அதை ஒரு சாக்கில் போட்டு, பக்கத்தில் கிடந்த மஞ்சள் வேஸ்ட் துணியைக் கிழித்து வாயைக் கட்டினார். கம்பெனி கேட்டு ஓரமாக வைத்துவிட்டு, "எடுத்துக்கங்க" என்று தரணீதரனுக்குப் போன் செய்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டார். தப்பு அங்கேதான் நடந்தது. அந்தக் கம்பெனியில் வெளியே போகிற மூட்டைகளுக்கு நிறம் உண்டு. அயர்ன் போடப் போவதற்குப் பச்சைத் துணி கட்டுவார்கள். பிசிறு நூல் வெட்ட ஜுபைதா வீட்டுக்குப் போவதற்கு மஞ்சள். மிஷினோடு கிடக்கிற பிட்டருக்கு அந்த நினைப்பே வரவில்லை. ஜுபைதா மகன் அனீஸ்தான் கம்பெனி டெம்போ ஓட்டுபவன். மஞ்சளைப் பார்த்தான், தூக்கிப் போட்டுக்கொண்டு போய் அம்மா வீட்டில் இறக்கிவிட்டு அடுத்த லோடுக்குக் கிளம்பிவிட்டான்.

டெம்போ குலுக்கலில் சுவிட்ச் தட்டியிருக்கிறது. கூடத்தில் ஜுபைதாவும் நாலைந்து பெண்களும் நூல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சாக்குக்குள் சிவப்பாக ஏதோ மின்னி மின்னி அணைந்தது. ஜுபைதா முடிச்சை அவிழ்த்தாள். கறுப்பு வாயும் ஒயரும் தெரிந்தன. எல்லாரும் அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். யாரோ போலீசுக்குப் போன் செய்தார்கள். யாரோ வாசல்படியில் நின்று படம் பிடித்தார்கள்.

நான் அன்று சித்ரகலா வீட்டில் இருந்தேன். மத்தியானம் மகுடேஸ்வரன் வந்து சோற்றில் கை வைத்தபோது அந்தப் படம் சித்ரகலா போனுக்கு வந்தது. 'துப்பாக்கி மூட்டை, வெடிகுண்டு, வாலிபர் சிக்கினார்' என்று எழுதியிருந்தது. வாலிபர் அனீஸ்தான். அடுத்த லோடு இறக்க வந்தவனைப் பிடித்து ஜீப்பில் ஏற்றிவிட்டார்களாம். மகுடேஸ்வரன் போனை வாங்கிப் பார்த்தார். மஞ்சள் துணியைப் பார்த்தார். எழுந்துவிட்டார்.

"ஏனுங்க, கையக் கூடக் கழுவாம எங்க போறீங்க?"

"அது என்ற மூட்டை அம்மிணி. நாங் கட்டுனது."

சித்ரகலா வாசலை மறித்துக்கொண்டாள். "போகாதீங்க. அது பொம்மைன்னு போலீசே பாத்துச் சொல்லிருவாங்க. நீங்களாப் போயி ஷெட்டுல வெச்சுச் செஞ்சேன்னு சொன்னா மொதலாளி இன்னைக்கே சாமானத் தூக்கி வெளிய வெப்பாரு. புள்ளைக்கு அடுத்த மாசம் பரீட்சைங்க."

"அவங்க பாத்துச் சொல்றதுக்குள்ள அனீஸ என்ன பண்ணுவாங்கன்னு உனக்குத் தெரியாதா? அந்தச் சந்து, அந்தப் பேரு. நம்மூட்டுல அது கெடந்திருந்தா இத்தன போலீசு வந்திருக்குமா, சொல்லு."

அவள் என் பக்கம் திரும்பினாள். "அத்தை, நீங்களாச்சும் சொல்லுங்க."

ஒரு பக்கம் வீடு, ஒரு பக்கம் ஒருத்தி பெற்ற பிள்ளை. அவர் வண்டியை எடுத்துவிட்டார். நாங்கள் ஆட்டோ பிடித்துப் பின்னாலேயே போனோம்.

சந்து முனையில் கயிறு கட்டியிருந்தது. அனீஸ் ஜீப்பில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். சட்டைத் தோள் கிழிந்திருந்தது. கூட்டத்தில் ஒருத்தன், "எத்தன நாளா நடக்குதுடா இது?" என்று கத்தினான். ஜுபைதா நூல் வெட்டுகிற சின்னக் கத்தரியைக் கையிலேயே பிடித்தபடி அவன் முன்னால் போய் நின்றாள். "போன நோம்பிக்கு உன்ற அம்மாவ ஆசுபத்திரிக்குக் கொண்டு போனது எவன்டா? இவன் டெம்போதானே? இப்ப வாயி வருதா உனக்கு?" அவன் பின்னால் நகர்ந்தான். ஆனால் சந்தின் அந்தக் கோடியில் அனீஸின் கூட்டாளிகள், இந்தக் கோடியில் வேறு ஆட்கள். கல் விழ ஒரு சொல் போதும்.

முதலாளி செங்கோட்டையனும் வந்திருந்தார். இன்ஸ்பெக்டரிடம், "எங்க கம்பெனில பனியனத் தவர வேற ஒண்ணும் இல்லீங்க. டெம்போக்காரன் எங்கிருந்து ஏத்துனானோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மகுடேஸ்வரன் அவரைத் தாண்டிப் போனார்.

"சார், அந்த மூட்டை என்னுதுங்க. கம்பெனி ஷெட்டுல நாந்தான் செஞ்சனுங்க. அனீஸுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க."

முதலாளி முகத்தில் ரத்தம் ஏறியது. இன்ஸ்பெக்டர் இவரை மேலும் கீழும் பார்த்தார். "என்னத்தச் செஞ்ச?"

"படத்துக்குத் துப்பாக்கிங்க. சுடாதுங்க. வேத்துக் கிரகத்துல..."

"எந்தக் கிரகம்யா?"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. "கோயமுத்தூர்ல இருந்து வெடிகுண்டு ஆளுங்க வரட்டும். இவனையும் ஏத்துங்க" என்றார் இன்ஸ்பெக்டர். அந்த நேரம் பார்த்து எங்கிருந்தோ ஒரு செங்கல் துண்டு வந்து ஜீப் மேல் விழுந்தது. போலீஸ்காரர்கள் அந்தப் பக்கம் ஓடினார்கள். உள்ளே கிடக்கிற மூட்டையைப் பிரித்துக் காட்டினால்தான் இது அடங்கும் என்று நினைத்தாரோ என்னவோ, மகுடேஸ்வரன் கயிற்றுக்குக் கீழே குனிந்து நேரே ஜுபைதா வீட்டுக்குள் போய்விட்டார்.

"டேய், நில்லு!"

ஒரு போலீஸ்காரர் துப்பாக்கியை வாசலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். இது நிஜத் துப்பாக்கி. சித்ரகலா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. உள்ளே இருக்கிற மனுசன் அந்தப் பொருளைப் பிடியில் கை வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தால் முடிந்தது. பார்க்கிறவனுக்கு அது பொம்மையா என்று யோசிக்க நேரம் இருக்காது.

முதலில் குரல்தான் வந்தது. "வர்றனுங்க சார். ரண்டு கையும் பாருங்க சார்." பிறகு ஆள் வந்தார். சீர்த்தட்டு தூக்கி வருகிற மாதிரி, விரித்த இரண்டு உள்ளங்கையிலும் அதைப் படுக்கப் போட்டுக்கொண்டு வந்தார். சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. "கீழ வெக்கறனுங்க. இப்ப மூடியக் கழட்டறனுங்க."

திருகாணி வரவில்லை. நகத்தால் திருகிப் பார்த்தார். கை வேர்த்து வழுக்கியது. நிமிர்ந்து, "அக்கா, அந்தக் கத்தரியக் கொஞ்சம் குடுங்க" என்றார்.

போலீஸ்காரர் தடுக்கத் தடுக்க ஜுபைதா நடந்து போனாள். "வெடிச்சிராதே தம்பி?"

"வெடிச்சா மொத ஆளு நாந்தானுங்க்கா."

கத்தரி முனையில் திருகாணி கழன்றது. பேட்டரி தரையில் விழுந்து உருண்டது. விளக்கு அணைந்தது. போலீஸ்காரர் துப்பாக்கியைக் கீழே இறக்க வெகு நேரம் பிடித்தது போலிருந்தது எனக்கு.

அனீஸை மகுடேஸ்வரனோடு ஸ்டேஷனுக்குக் கொண்டு போனார்கள். தரணீதரன் ஓடிவந்து படம் எடுக்கிற விவரமெல்லாம் காட்டினான். பொழுது சாய்கிறபோது இரண்டு பேரையும் விட்டார்கள். வெளியே வந்ததும் அனீஸ், "அண்ணா, அடுத்த தடவ செவப்புத் துணி கட்டுங்க" என்றான். சொல்லிவிட்டு அழுதான். செங்கோட்டையன் மறுநாளே மகுடேஸ்வரனின் சம்பளக் கணக்கை முடித்து, வீட்டையும் காலி செய்யச் சொன்னார். நித்யஸ்ரீ பரீட்சையைக் கணியூரில் வேலாத்தாள் வீட்டிலிருந்து போய் எழுதினாள். சித்ரகலா புருஷனிடம் முகம் கொடுத்துப் பேசக் கொஞ்ச காலம் ஆனது. ஆனாலும் அன்று அவர் போனது தப்பு என்று ஒரு நாளும் அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

படம் வந்தது. திருப்பூரில் போய்ப் பார்த்தோம். ஆத்தாக்காரி அந்தத் துப்பாக்கியைத் தூக்கியதும் குழந்தைகள் எல்லாம் சீட்டு மேல் ஏறி நின்று கத்தின. என் பக்கத்தில் இருந்த ஜுபைதா மட்டும் அந்த இடம் தாண்டுகிற வரைக்கும் மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகுடேஸ்வரன் இப்போது உடுமலைப்பேட்டையில் ஒரு தேங்காய் நார் மில்லில் பிட்டராக இருக்கிறார். சித்ரகலாவும் நித்யஸ்ரீயும் அங்கேயே வாடகை வீட்டில் அவரோடு இருக்கிறார்கள்.